அக்காவைத் திருத்தி எழுதியது

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பந்தல்குடி பஸ் வந்து நிற்பதற்குள் கூட்டம் மொய்த்துவிடும். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்கள் உண்டு, கூடையைப் போடுபவர்கள் உண்டு. என் அக்கா பிள்ளையையே போட்டாள். அப்போதுதான் நடை பழகியிருந்த மகளை இரண்டு கையாலும் தூக்கி, உள்ளே நின்ற ஒருவரிடம் ஜன்னல் வழியாக நீட்டி, சீட்டில் உட்கார வைக்கச் சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படிக்கட்டில் முட்டி மோதி ஏறினாள். பிள்ளை வீறிட்டு அழுதது. கண்டக்டர், "ஏம்மா, பிள்ளைக்கும் சேத்து டிக்கெட் போடவா?" என்று கேட்க, அக்கா ஏதோ பதில் சொன்னாள். பஸ்ஸே சிரித்தது. நான் வெட்கத்தில் கம்பியைப் பிடித்தபடி யாரோ போல நின்றேன்.

அப்படிப்பட்டவளைப் பற்றி ஒரு கதை எழுத வேண்டும் என்று கேட்டது அந்தப் பிள்ளைதான். மூன்று வயதில் தாயைப் பறிகொடுத்தவள். காய்ச்சல் என்று இங்கே அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கிருந்து மதுரைக்குக் கொண்டுபோய், அக்கா திரும்பி வந்தது ஆம்புலன்ஸில். அதற்குப் பிறகு பிள்ளை என்னிடம் வளர்ந்தாள். இப்போது கோயம்புத்தூரில் காலேஜ், ஹாஸ்டல். நான் அவ்வப்போது சிறு பத்திரிகைகளுக்குக் கதை எழுதுவேன் என்பது அவளுக்குப் பெருமை. "யார் யாரையோ எழுதுறீங்க சின்னம்மா, எங்கம்மாவை எழுதுங்களேன். எனக்குன்னு அவங்ககிட்ட இருந்து ஒண்ணுமே இல்ல" என்றாள் ஒருநாள் போனில். அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் பிரதி எழுத ஒரு சிரமமும் இருக்கவில்லை. கண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, பேனாவும் ஓடிக்கொண்டே இருந்தது. எழுதி முடித்த சூட்டோடு போனில் படமெடுத்துப் பிள்ளைக்கு அனுப்பிவிட்டேன். திருத்தாத பிரதியை யாராவது அனுப்புவார்களா? ஆர்வக் கோளாறு, வேறென்ன. பதிலுக்கு அவள் அழுகிற முகம் ஒன்றை மட்டும் அனுப்பியிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு பாவாவைப் பார்க்கப் போனேன். அக்காவின் வீட்டுக்காரர். அக்காவுக்கு அத்தை மகன். பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கிறார். தறி நெய்கிற வேலை வேண்டாம் என்று சொல்லி அக்காதான் அவரை அந்தக் கடைக்குள் தள்ளினாள். பகல் சாப்பாட்டு நேரம் கழிந்து லாரிகள் குறைந்திருந்த வேளையில், பெஞ்சில் உட்கார்ந்து முழுக் கதையையும் வாசித்துக் காட்டினேன். பாவா தோளில் துண்டோடு நின்றே கேட்டார். முடித்ததும், "நல்லா இருக்கு. யாரப் பத்தி எழுதிருக்க?" என்றார்.

"என்ன பாவா இப்படிக் கேக்குறீக? அக்காவப் பத்தித்தான்."

"அவ எங்க இதுல? இந்தப் பொம்பள என்னமோ 'என்னங்க, என்னங்க'ன்னுட்டு நிக்கிறா. உங்கக்கா என்னைக்கு என்னை அப்படிக் கூப்பிட்டா? கல்யாணத்துக்கு முன்னாடியும் பாவா, பின்னாடியும் பாவா. கோவம் வந்தா அதுவும் கிடையாது, கரண்டிதான் பேசும். இவ என்னடான்னா கோயில் சிலையாட்டம் எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டுப் போறா." துண்டை உதறித் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "பிள்ளைக்குக் குடுக்கத்தான் எழுதுறேன்னு சொல்ற. அவ ஆத்தாளக் குடு. ஊரான் வீட்டுப் பொம்பளயக் குடுக்காத."

சுருக்கென்று தைத்தது. ஆனால் நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் வீட்டில் தெலுங்கு. வாசலைத் தாண்டினால் தமிழ். எழுதப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும்தான். எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெலுங்கு எழுத்துத் தெரியாது. அதனால் அக்காவைத் தாளில் கொண்டுவந்தபோது, நான் படித்த கதைகளில் வரும் பெண்களின் தமிழை எடுத்து அவள் வாயில் வைத்துவிட்டேன். அந்தத் தமிழோடு அவர்களுடைய பொறுமையும் தியாகமும் சேர்ந்து வந்துவிட்டன. செத்தவளைக் குறை சொல்லக் கூடாது என்ற நம்ம ஊர்ப் புத்தி வேறு. சண்டைக்காரியான என் அக்காவைச் சாமியாக்கி, சாமியாக்கியதாலேயே இன்னொரு தடவை தொலைத்திருந்தேன்.

திருத்த உட்கார்ந்தேன். 'என்னங்க'வை எல்லாம் அடித்தேன். பொறுமையை அடித்தேன். அக்கா கரண்டியை வீசியதையும், பால்காரரிடம் மல்லுக்கு நின்றதையும், சினிமாக் கொட்டகையில் எல்லாரும் அழுகிற இடத்தில் சிரித்துத் தொலைத்ததையும் சேர்த்தேன். அதுவரை நன்றாகத்தான் போனது. அவளைப் பேச வைக்க வேண்டிய இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. அன்று பஸ்ஸில் கண்டக்டருக்கு என்ன பதில் சொன்னாள்? சிரித்த முகங்கள் எல்லாம் கண் முன்னால் நிற்கின்றன. கண்டக்டர் காதில் பேனா செருகியிருந்தது கூடத் தெரிகிறது. அவள் சொன்னது மட்டும் வரவில்லை. சரி, வீட்டில் பேசியதை நினைத்துப் பார்ப்போம் என்று கண்ணை மூடினால், என்னடி என்பதற்குத் தெலுங்கில் 'ஏமே' என்று என்னை இழுத்துக் கூப்பிடுவது ஒன்றுதான் கேட்கிறது. அதற்கு மேல், நான் முதல் பிரதியில் எழுதிய தமிழ் வாக்கியங்கள்தான் வரிசை கட்டி வந்து நிற்கின்றன. எத்தனை தரம் முயன்றாலும் அவைதான். எழுதுவதற்கு முன்னால் அவள் குரல் எனக்குள் எங்கேயோ இருந்தது, சத்தியமாக இருந்தது. அதன் மேலேயே நான் எழுதிவிட்டிருக்கிறேன். அட போங்கடி என்று தாளைத் தள்ளிவிட்டு, அக்கா செத்த அன்றைக்கு அழுததை விட அதிகமாக அழுதேன்.

பாவாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "சத்தம் காதுலயேதான் இருக்கு. வார்த்தையச் சொல்லுன்னா எங்க போறது" என்றார். டீ கேட்டு யாரோ கூப்பிட, வைத்துவிட்டார்.

பொங்கல் லீவுக்குப் பிள்ளை வந்தாள். நான் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு அடிப்பதும் எழுதுவதுமாக இருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் வந்து நின்றிருந்தேன். அக்கா ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற இடம். அதை அடிப்பதற்குத்தான் பேனாவை வைத்தேன். பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதையும் எதுக்கு சின்னம்மா அடிக்கிறீங்க? இது நடந்ததுதானே. எனக்கே ஞாபகம் இருக்கு."

"என்ன ஞாபகம் இருக்கு?"

"ஆட்டோல இருந்து அம்மா என்னைப் பாத்துச் சொன்னது. 'சின்னம்மா கையப் பிடிச்சுக்க கண்ணு, அம்மா போயிட்டு வந்துர்றேன்'னு. இத்தனை நாளா எங்கயோ உள்ள கிடந்திருக்கு. நீங்க எழுதுனதப் படிச்சதும் டக்குனு மேல வந்துருச்சு. அவங்க குரல் கூடக் கேக்குது சின்னம்மா. தூங்கப் போறப்ப தினமும் நெனச்சுக்குவேன்."

அன்று அக்காவுக்கு நினைவே இல்லை. பாவாதான் அள்ளித் தூக்கி ஆட்டோவில் கிடத்தினார், தலை என் மடியில் கிடந்தது. பிள்ளை பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லாமலே போய்விட்டாளே என்று தாங்க முடியாமல் நானாகத்தான் அந்த வரியை எழுதினேன். உயிரோடு இருந்தவரை அக்கா பிள்ளையிடம் தமிழில் பேசியதே கிடையாது; பிறகு ஸ்கூலுக்காக அவளைத் தமிழுக்குப் பழக்கியது நான்தான். ஆனால் பிள்ளை அந்த வரியைச் சொல்லிக் காட்டியபோது தமிழில்தான் சொன்னாள். கண்ணு என்பதை அவள் இழுத்த விதம், ஸ்கூலுக்கு அனுப்பும்போது நான் இழுப்பது. அவள் காதில் கேட்டுக்கொண்டிருந்தது என் குரல்.

"அப்படித்தானே சொன்னாங்க?" என்றாள்.

"ஆமாண்டி. அப்படியேதான் சொன்னா" என்றேன்.

அந்த வரியை அடிக்கவில்லை. கதை இப்போது அந்த வரியில்தான் முடிகிறது. திருத்திய பிரதியை வாசித்துக் காட்டச் சொல்லி, அன்று அவளை ஆட்டோவில் கிடத்திய பாவா கடையிலிருந்து போன் பண்ணிக்கொண்டே இருக்கிறார். வாரேன் வாரேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.