செரிக்கொட்டைப் பை

எண்பதுகளின் நடுவில், சுவிற்சர்லாந்தின் கூர் நகரத்தில் கணவரோடு ஓர் ஒற்றை அறை வீட்டில் இருந்தேன். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. அவர் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். எனக்கு வேலையும் இல்லை, மொழியும் இல்லை. பனி கொட்டத் தொடங்கிய நாளிலிருந்து நான் வாசலைத் தாண்டவில்லை.

அறையில் ஒரு ஹீட்டர். அதன் சூடு, நிலக்கீழ் அறைக் கொதிகலனைப் பார்த்துக்கொண்ட கட்டடப் பொறுப்பாளரின் கையில். ஹீட்டரைத் தொட்டால் ஆறிய தேநீர்க் கோப்பையைத் தொட்டதுபோல் இருக்கும். இரண்டு சுவெட்டர் போட்டும் என் விரல்கள் விறைத்தன.

கணவரோ வேலையால் வந்ததும் யன்னலைத் திறப்பார். நாள் முழுக்க நீராவிக்குள் நின்றவர்.

“பூட்டுங்கோவன், குளிருது.”

“உமக்குத்தான் குளிருது. எனக்கு மூச்சு முட்டுது.”

“அப்ப அந்தப் பொறுப்பாளரிட்டச் சொல்லுங்கோ.”

“விண்ணப்பம் கிடக்கேக்க முறைப்பாடு சொல்லச் சொல்லுறீரோ?”

ஒருநாள் நானே கீழே போய், நடுங்கிக் காட்டினேன். பொறுப்பாளர் வெப்பமானியோடு வந்து, அதை மேசையில் வைத்துக் காத்திருந்தார். பத்தொன்பது பாகை. “குட்” என்று சொல்லிவிட்டுப் போனார். அறை சரி, நான்தான் பிழை. கதவைப் பூட்டிவிட்டு அழுதேன்.

மறுநாள் காலை பொறுப்பாளருடைய மனைவி வந்தார். கையில் சின்னத் துணிப் பை. குலுக்கினார், கலகலத்தது. பிரித்துக் காட்டினார்: காய்ந்த செரிப்பழக் கொட்டைகள். என் அடுப்போடு இருந்த போறணையில் அதைச் சூடாக்கி, என்னை இருத்தி, மடியில் வைத்தார். சூடு வயிற்றுக்குள் இறங்கியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் கணவர் யன்னலைத் திறந்தார். நான் பூட்டச் சொல்லவில்லை.

“என்ன, கோவமோ?”

“இல்லை. நல்லாத் திறவுங்கோ” என்று பையைத் தூக்கிக் காட்டினேன். பல கிழமைகளுக்குப் பிறகு அவர் சிரித்தார்.

சண்டை தீர்ந்தது. நாட்கள் மாறவில்லை. அரை மணித்தியாலத்தில் பை ஆறிவிடும். கதிரையிலிருந்து போறணைக்கு, போறணையிலிருந்து கதிரைக்கு.

ஒரு மத்தியானம் பையைக் கோட்டுக்குள் கட்டிக்கொண்டு வெளியே இறங்கினேன். ஆற்றுப் பாலம் வரை போக முடிந்தது. சூடு குறையத் தொடங்கியதும் பயம் வந்து திரும்பிவிட்டேன். பிறகு தினமும் போனேன். ஒருநாளும் பாலத்தைக் கடக்கவில்லை. முடிவுக் கடிதம் வர இன்னும் இரண்டு குளிர்காலம் எடுத்தது.