ஜில்லுவுக்கு மாப்பிள்ளை பார்த்த கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஏற்காட்டின் ஒண்டிக்கடை முக்கில் ஒரு பெண் பார்க்கும் வைபவம். கேசரி உண்டு, வாழைக்காய் பஜ்ஜி உண்டு, சுடச்சுடக் காபி உண்டு. பெண்ணுக்கு நான்கு கால்!

சிரிக்காதீர்கள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன்.

பெண்ணின் பெயர் ஜில்லு. பக் வகை நாய். தட்டை மூஞ்சி, முட்டைக் கண், நெற்றி நிறையச் சுருக்கம். என் தோழி மல்லிகாவின் உயிர் அது. மல்லிகா ஒண்டிக்கடையில் காபித்தூள், மிளகு, ஹோம்மேட் சாக்லேட் விற்கிறாள். கடைக்குப் பின்னாலேயே வீடு. அந்த வீட்டில் அவளும் ஜில்லுவும்தான்.

கல்லாப் பக்கத்தில் ஜில்லு படுத்துக் குறட்டை விடும் பாருங்கள்... அது சாதாரணக் குறட்டையா? ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். டூரிஸ்ட்கள் வீடியோ எடுப்பார்கள். "சோ கியூட்!" என்பார்கள். கையோடு கால் கிலோ காபித்தூளும் வாங்கிப் போவார்கள்.

அந்த ஜில்லுவைக் குட்டி போட விடப்போகிறேன் என்று மல்லிகா வாயைத் திறந்ததுதான் தாமதம். "எனக்கு ஒன்று", "எனக்கு ஒன்று" என்று பாதி ஏற்காடு கைதூக்கிவிட்டது. முதலில் தூக்கியது யார்? அடியேன்தான்!

அதோடு விட்டேனா? குட்டிக்கு மெத்தை வாங்கினேன். மணி வைத்த சிவப்பு பெல்ட் வாங்கினேன். 'மிளகு' என்று பெயரும் வைத்துவிட்டேன். "நாய்க்கு இன்னும் மாப்பிள்ளையே அமையலை, உனக்கு அதுக்குள்ள தொட்டில் கேக்குதா?" என்றார் என் வீட்டுக்காரர். ரசனை இல்லாத மனிதர்!

மாப்பிள்ளை ராக்கி. சேலத்து நாய். அதை வளர்ப்பவர் செந்தில். பக் குட்டிகள் விற்பதுதான் அவர் தொழில். ஜில்லுவையே மல்லிகா அவரிடம்தான் வாங்கினாள். அந்த ஞாயிறு பகல் பதினோரு மணிக்கு அடிவாரம் தாண்டிவிட்டோம் என்று போன் வந்தது. பெண் வீட்டார் சார்பில் பெரிய மனுஷி நான். வாசலிலேயே நின்றேன்.

கார் வந்து நின்றது. கதவு திறந்தது. செந்தில் இறங்கினார்... முகமெல்லாம் வேர்வை. கையில் ராக்கி, துணி மூட்டை மாதிரித் தொங்கிக்கொண்டு. நாக்கு வெளியே கிடந்தது. நாக்கா அது? நாவல்பழம் தின்ற மாதிரி நீலம்!

மலையேறும்போது ஏ.சி.யை நிறுத்துவது நம் டிரைவர்களின் பழக்கம். கார் திணறக்கூடாதாம்! உள்ளே ஒரு ஜீவன் திணறினால் பரவாயில்லையா?

அப்போது நாங்கள் செய்த காரியம் இருக்கிறதே... ஏற்காட்டுக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடியது. கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறி, தலைசுற்றி இறங்குகிற அத்தனை பேருக்கும் நாங்கள் கொடுக்கும் வைத்தியம் ஒன்றுதான். எலுமிச்சம்பழம். மல்லிகா உள்ளே ஓடி ஒரு பழத்தைக் கொண்டு வந்தாள். நான் வாங்கி, நகத்தால் கீறி, ராக்கியின் மூக்கில் வைத்து அழுத்தினேன்.

மூச்சு விட வழியில்லாத நாய்க்கு, இருந்த வழியையும் நான் அடைத்துக்கொண்டிருக்கிறேன்!

நல்லவேளை, கேசரிக்குக் கூப்பிட்டிருந்த கால்நடை டாக்டர் கல்பனா அந்த நேரம் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். என் கையைத் தட்டிவிட்டார். "பழத்தை எடுங்கம்மா! இது தலைசுத்தல் இல்ல, மூச்சுத் திணறல். எல்லாரும் நகருங்க, காத்து வரட்டும்!"

ராக்கியை நிழலில் கிடத்தினார். கழுத்தை நீட்டி வைத்தார். குளிர்ந்த தண்ணீரை வயிற்றிலும் காலிலும் ஊற்ற, மல்லிகா டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து வைத்தாள். செந்தில் மண்ணில் மண்டியிட்டு, "ராக்கி, டேய் ராக்கி, கண்ணத் தொறடா சாமி" என்று அழுதார். ஆமாம், அழுதார். தொழில்காரர்தான், ஆனாலும் பாசம் பாசம்தானே.

கொஞ்ச நேரத்தில் நாக்கு சிவக்க ஆரம்பித்தது. ராக்கி எழுந்து உட்கார்ந்து, பஜ்ஜி வாசம் வந்த திசையில் திரும்பியது. அப்பாடா! எனக்குத்தான் காபி தேவைப்பட்டது.

எல்லோரும் கடைக்குள் உட்கார்ந்தோம். கேசரி வந்தது. சரி, பெண் வீட்டுப் பெரிய மனுஷி சும்மா இருக்கலாமா? விசாரிக்க ஆரம்பித்தேன். நிஜமாகவே விளையாட்டுக்குத்தான் ஆரம்பித்தேன்.

"மாப்பிள்ளைக்கு அடிக்கடி இப்படி ஆகுமா?"

"வெயிலடிச்சா ஆகுமுங்க. பக்னா அப்படித்தானுங்க" என்றார் செந்தில்.

"அவங்க அப்பாவுக்கு?"

"அவனுக்கும் இதே குறட்டைதாங்க! மூக்குல ஆபரேசன்கூட பண்ணினோம். பரம்பரைங்க!" பரம்பரைச் சொத்தைச் சொல்வது போல அத்தனை பெருமை அவர் குரலில்.

"அம்மா?"

"அது பெரிய கதைங்க. ஒவ்வொரு பிரசவமும் கத்தி வெச்சுத்தான். குட்டிங்களுக்குத் தலை பெருசு பாருங்க. அதான் மூஞ்சி இத்தனை அழகு!"

கேசரித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

அவரோ விடுவதாயில்லை. "ஏனுங்கக்கா, ஜில்லுவையும் ராக்கியையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. அச்சு அசலா இருக்குதா? இருக்காம பின்ன? ரெண்டுக்கும் அப்பன் ஒண்ணுதானுங்க!"

மல்லிகா கையில் இருந்த டம்ளரை நங்கென்று வைத்தாள்.

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பேச்சில் முதல் கேள்வியே 'என்ன கூட்டம்?' என்பதுதான். கூட்டம் என்றால் குலம்; ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை முறை. ஜாதகம் வரைக்கும்கூடப் போகாது, எழுந்து போய்விடுவார்கள். இங்கே கூட்டம் என்ன கூட்டம்... ஒரே அப்பன்!

"ஏனுங்க, அண்ணன் தங்கச்சிய வெச்சுக்கிட்டா பொண்ணு பாக்க வந்தீங்க?" என்றாள் மல்லிகா.

"நாய்க்கு ஏதுங்க அண்ணன் தங்கச்சி? அப்பத்தானுங்க மூஞ்சி மாறாம வரும். கஸ்டமர் கேக்கறதே தட்டை மூஞ்சிதானே? மூக்கு கொஞ்சம் நீண்டாப் போதும், பக்கே இல்லைன்னு திருப்பிக் கொடுக்கறாங்க."

கோபம் வந்தது எனக்கு. ஆனால் அவர் சொன்னதில் பொய் உண்டா? மனிதக் கல்யாணம் என்றால் பெரியப்பா பையனுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்பதுவரை துருவுகிறோம். குட்டி வாங்கும்போது கேட்டது என்ன? கண் பெரிதா, மூஞ்சி தட்டையா, குறட்டை விடுமா! குறைக்கு அழகு என்று பெயர் வைத்துக் கேட்டது நாம். கேட்டதைத் தயார் பண்ணிக் கொடுக்கிறார் அவர். மெத்தையும் பெல்ட்டும் வாங்கிவைத்த நான் யார்? அந்தக் கஸ்டமர்தானே!

டாக்டர் ஜில்லுவை மடியில் வைத்து மூக்கைத் தொட்டுக் காட்டினார். "பாருங்க, ஓட்டை எவ்வளவு சின்னதுன்னு. பட்டாணிகூட வேணாம், கடுகுதான் போகும். நீங்க குறட்டைன்னு நினைக்கிறது குறட்டை இல்லீங்க. ஒவ்வொரு மூச்சுக்கும் அது போராடுது. சினை பிடிச்சா இன்னும் மோசம். குட்டிங்களுக்கும் இதே மூக்குதான் வரும்."

மல்லிகா குனிந்து அந்த மூக்கைப் பார்த்தாள். எனக்குத் தெரியும், அவளுக்குக் குட்டி விற்கிற ஆசையெல்லாம் கிடையாது. "ஜில்லுக்கு அப்பறம் இந்த ஊட்ல யாருங்கக்கா?" என்று என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறாள். ஜில்லுவின் ரத்தத்தில் ஒரு குட்டி தன்னோடு இருக்கவேண்டும் என்பதுதான் அவள் கண்ட கனவு. அந்தக் கனவு டாக்டர் மடியில் படுத்து 'கர்ர்ர்' என்று இழுத்துக்கொண்டிருந்தது.

ஜில்லுவைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள். அப்புறம் செந்தில் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாக ஒரு வார்த்தை சொன்னாள்.

"நாங்க ஊட்ல கலந்து பேசிட்டுச் சொல்லியனுப்பறமுங்க."

ஆஹா! இந்த வாக்கியத்துக்கு அர்த்தம் தெரியாத தமிழர் உண்டா? எத்தனை பெண்கள் இதைக் கேட்டுக் கதவிடுக்கில் நின்று கலங்கியிருக்கிறார்கள்! முதன்முறையாகப் பெண் வீடு சொல்லி, மாப்பிள்ளை வீடு கேட்டுக்கொண்டது. எழுந்து நின்று கைதட்டவேண்டும் போலிருந்தது. பட்டுப்புடவையை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் குளிர்ந்த பிறகுதான் ராக்கியை மலையிலிருந்து இறக்கவேண்டும், ஏ.சி.யை நிறுத்தவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செந்தில் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரமே ஜில்லுவின் மூக்கில் ஆபரேஷன். "முழுசாச் சரியாகாது. ஆனா மூச்சு லேசாகும்" என்று முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார்கள். குட்டி பிறக்காமல் இருப்பதற்கும் சேர்த்தே செய்துவிட்டார்கள். கையெழுத்துப் போடும்போது மல்லிகா என் விரலைப் பிடித்த பிடி இருக்கிறதே, இன்னும் வலிக்கிறது.

போன புதன்கிழமை காலை. மல்லிகாவிடமிருந்து போன். எடுத்தால் ஒரே அலறல். "அக்கா! ஓடியாங்க! ஜில்லு... ஜில்லு..."

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். கடைக்குப் பின்னால் காபிக்கொட்டை காயப்போடும் களத்தில் ஒரு பூனை பறக்கிறது. அதைத் துரத்திக்கொண்டு... ஜில்லு! நான்கு காலும் தரையில் படாத ஓட்டம்! சோம்பேறி என்று நாங்கள் எல்லோரும் கொஞ்சிய நாய். அது சோம்பேறியே இல்லை! இத்தனை நாளும் அதற்கு ஓட மூச்சு இல்லை. அவ்வளவுதான்.

பூனை தப்பித்தது. ஜில்லு தோற்றுவிட்டு, ஜெயித்த மாதிரி வாலை ஆட்டியது. மல்லிகாவும் நானும் கட்டிப்பிடித்துக் குதித்ததை எதிர்க் கடைக்காரர் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டார்.

செந்தில் இரண்டொரு தடவை போன் பண்ணினாராம். ராக்கிக்கும் மூக்கு ஆபரேஷன் செய்யப்போகிறாராம். சந்தோஷம். ஒருமுறை நான் போனை வாங்கி, வேறு பெண் பார்ப்பதை நிறுத்தினாரா என்று கேட்டதற்குச் சிரித்து மழுப்பிவிட்டார். தட்டை மூஞ்சி கேட்பவர்கள் இருக்கும்வரை அவரும் மழுப்பத்தான் செய்வார்.

நேற்று மல்லிகா கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். என்னடி என்றேன்.

"ஜில்லுகிட்ட சத்தமே இல்லீங்கக்கா. நொம்பப் பயமா இருக்குது. மூச்சு விடறாளான்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கறேன்."

விடுகிறாள், மல்லிகா. இப்போதுதான் விடுகிறாள்.