முயல்கள் செத்த ஐப்பசி

என் கணவர் இறந்த பிறகு, அவருடைய முயல்களை விற்றுவிடச் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. மாட்டேன் என்றேன். எனக்கு முயல்மேல் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. அவர் இருந்தவரை, "பேசாம முயலையே கட்டியிருக்கலாம்ல" என்று திட்டிக்கொண்டிருந்தவள்தான் நான். ஆனால் மாமனார் விடிந்ததும் தோப்புக்குப் போய்க் கூண்டுகளை நகர்த்தி வைத்துவிட்டு வந்தால்தான் காப்பியைக் கையில் வாங்குவார். மகன் போன வீட்டில் அந்த மனிதரைப் படுக்கையிலிருந்து எழுப்பியது அந்த முயல்கள்தான். அதனால் விற்கவில்லை.

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு. அதில் முயல்களைப் புல்லிலேயே மேயவிட்டு வளர்த்தோம். அடிப்பக்கம் திறந்த கம்பிவலைக் கூண்டு. தினமும் காலையில் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தால், உள்ளே இருக்கும் முயல்களும் தத்தித் தத்திப் புதுப் புல்லுக்கு வந்துவிடும்.

கல்லறைத் திருநாளுக்கு அடுத்த வாரம் முதல் முயல் செத்தது. காலையில் நன்றாக மேய்ந்துகொண்டிருந்தது, நான் துணி காயப்போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் விழுந்து கிடந்தது. காயமில்லை, வயிறு உப்பவில்லை, கழிச்சலும் இல்லை. பிறகு இன்னொன்று. அதை நான் கண்ணால் பார்த்தேன். பின்னங்கால்களை உதைத்துக்கொண்டு, கழுத்தை வளைத்துக் கொஞ்ச நேரம் கிடந்து அடங்கியது. மாமனார் அப்போது அங்கே இல்லை. வந்து, அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்தார். அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"அவன் வளத்ததும் அவன் பின்னாடியே போவுது" என்றார்.

என் சந்தேகமெல்லாம் பக்கத்து வயல்காரர் மேல். சம்பாப் பயிரில் புழு விழுந்ததென்று ட்ரோன் வைத்து மருந்து அடித்திருந்தார். மாமனாருக்குச் சிறுவயதுச் சிநேகிதர். சாயங்காலமானால் இரண்டு பேரும் சேர்ந்துதான் டீக்கடைக்குப் போவார்கள். என் கணவர் கூப்பிட்டபடி நானும் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். அதெல்லாம் எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. வரப்பில் நின்று கத்தினேன்.

"ஏன் சித்தப்பா, ஒங்க மருந்துக்குப் புழு கெடைக்கலன்னு என் முயலைக் கொல்றீங்களா?"

"நான் மருந்தடிச்சது முந்தாநாளும்மா. அதுக்கு முன்னாடியே ஒரு முயல் செத்துப்போச்சுன்னு நீதான சொன்ன?"

நியாயமான பேச்சு. என் காதில் ஏறவில்லை. எனக்குப் பின்னால் நின்று மாமனார் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றோடு டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். சித்தப்பா வாசலில் வந்து நின்று கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த முயல் விழுந்ததும், உடம்பில் சூடு ஆறுவதற்குள் பையில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டியை விரட்டினேன். மருந்துதான் என்று டாக்டர் வாயால் சொல்லவைத்துவிட வேண்டும் என்பது என் அவசரம். அங்கிருந்த டாக்டரம்மா வயிற்றை அறுப்பதற்கு முன் வாயைத் திறந்து பார்த்தார். பல்லிடுக்கிலிருந்து எதையோ மெல்ல உருவிக் காகிதத்தில் வைத்தார். ஒரு துண்டு வாழைநார். அதில் ஒரு முடிச்சு. முடிச்சில் வாடிய ரோஸ் நிற இதழ்.

"முயலுக்குப் பூ போட்டீங்களா?"

"முயலுக்கு யாரு டாக்டர் பூ போடுவாங்க?"

"இது அரளிம்மா. காஞ்சாலும் வெஷம்தான். நெஞ்சை நிறுத்திடும்."

வயிற்றுக்குள்ளும் அதே இதழ்கள் கிடந்தன. அரளி விஷம் என்று எங்கள் பக்கம் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் மாலையாகக் கட்டிவிட்டால் அதை யாரும் அரளி என்று நினைப்பதில்லை. மாமனார் ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் மகன் கல்லறைக்குப் புது மாலை போடுவார். பழைய மாலையைக் குப்பையில் போட மனம் வராது. கால் மிதிபடாத இடமாகப் பார்த்து, மரத்தடியில் வைப்பதுதானே வழக்கம்? அவர் எங்கள் தோப்புத் தென்னையடியிலேயே வைத்திருக்கிறார். அதுவரை எல்லாம் சாமந்தியும் கோழிக்கொண்டையும். திருநாள் கிராக்கியில், மழையில் பூ கிடைக்காமல், பூக்காரர் அரளியைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார். கூண்டு நகர்ந்து நகர்ந்து அந்த மரத்தடிக்கு வந்துவிட்டது.

தோப்புக்குத் திரும்பியதும் பார்த்தேன். பாதி மாலை கூண்டுக்கு உள்ளே, பாதி வெளியே. எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு நேராகச் சித்தப்பாவிடம் போனேன். சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவருகிட்ட மருந்துன்னே சொல்லிடும்மா. புள்ளைக்குப் போட்ட மாலைன்னு தெரிஞ்சா தாங்கமாட்டாரு. நான் ஏச்சு வாங்கிக்கிறேன்."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இனிமேல் மாலைகளை மாமனாருக்குத் தெரியாமல் எடுத்துவிடலாம். முயல்கள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் மகனைப் பறிகொடுத்தவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சிநேகிதரையும் நான் ஒரு பொய் சொல்லிப் பிடுங்குவதா? தோப்பு வரைக்கும் என்மேலேயே எரிச்சலோடு நடந்தேன்.

மாமனார் கூண்டுப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"மாமா, மருந்து இல்ல. நீங்க மரத்தடியில வெச்ச மாலைதான். அதுல அரளி இருந்திருக்கு. தின்னா நெஞ்சு நின்னுடுமாம்."

அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து புல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டார்.

"ரொம்பத் துடிச்சுதாம்மா?"

அவர் கேட்டது முயலைப் பற்றி அல்ல. மகனுக்கு நெஞ்சுவலி வந்த அன்று அவர் திருப்பனந்தாளில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். வந்து சேர்ந்தபோது மகன் பெட்டியில் இருந்தான். ஆட்டோவில் என்ன நடந்தது என்று இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் என் கணவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு, என் புடவையை இரண்டு கையாலும் பற்றிக் கசக்கிக்கொண்டே வந்தார்.

"இல்ல மாமா" என்றேன். "தூங்குற மாதிரிதான்."

அவர் என் முகத்தையே பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வரப்பு வழியாகச் சித்தப்பா வீட்டுப் பக்கம் நடந்தார். அவர் கண்ணுக்கு மறையும்வரை பொறுத்திருந்துவிட்டு, கூண்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.