என்டர் விசையின் இடது ஓரம்

கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த வயதில் தங்கைக்குப் பார்வை போனது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்த குறிப்புகளைக் காதில் கேட்டு, கணினியில் தட்டச்சு செய்வது அவள் வேலை. அந்த வேலை கைவிட்டுப் போகாமல் காப்பாற்றியவள் அக்கா. முக்கியமான விசைகளின் மேல் நகப்பூச்சைச் சொட்டுச் சொட்டாக வைத்து, விரலுக்குத் தட்டுப்படும்படி சின்ன மேடுகள் செய்து கொடுத்தாள். என்டர் விசையில் மட்டும் சொட்டு இடது ஓரத்தில் விழுந்துவிட்டது.

“கை தவறிடுச்சுடி. துடைச்சிட்டு மறுபடி வைக்கவா?”

“இருக்கட்டும்க்கா. உன்னை மாதிரியே கோணலா இருக்கு.”

அக்கா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த மறு வருடம் அந்த விசைப்பலகை பழுதாகி, அலுவலகத்தில் புதியதைக் கொடுத்தார்கள். பக்கத்து மேஜைக்காரி, கடையில் விற்கும் ஒட்டுப்புள்ளிகளை வாங்கி வந்து அதே முக்கியமான விசைகளில் சரியாக நடுவில் ஒட்டித் தந்தாள்.

தட்டச்சு செய்யத் தொடங்கியதுமே தங்கையின் விரல் என்டரின் இடது ஓரத்தில் நின்றது. அங்கே ஒரு மேடு இருந்தது.

“இங்கயும் ஒண்ணு ஒட்டினீங்களா?”

“இல்லையே. ஓரம் வழவழன்னுதான் இருக்கு, தொட்டுப் பாருங்க.”

பக்கத்து மேஜைக்காரி அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் தேய்த்தாள். தங்கையின் விரலடியில் மேடு அப்படியே இருந்தது.

“ஆமா, ஒண்ணுமில்ல” என்றாள்.

பிறகு, யாரும் கவனிக்காதபோது, நடுவில் ஒட்டிய புள்ளியை உரித்தெடுத்தாள். வேலை பிசகில்லாமல் ஓடுகிறது. மாலையில் கணினியை அணைத்த பிறகு கையை எடுக்கத்தான் அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.