ஒரு நாள் முன்னால் வந்த தீபாவளி

தில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் மூன்றாம் மாடியிலிருந்து, "ஏ பையா, ருக்கோ!" என்று காய்கறி வண்டியை நிறுத்தும் அம்மாவின் குரல் தெருக்கோடி வரை கேட்கும். அந்தக் குரல் தேய்ந்து, ஞாபகமும் அழிந்து, அவளைத் தூக்கி உட்காரவைக்க என் முதுகு மறுத்தபோது எனக்கொரு புது உத்தியோகம் வந்தது: அரசு மானியத்தில் நடக்கும் முதியோர் இல்லத்தில் தாயை விட்டுவிட்டு, ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கும் மகள். இதில் லீவு கிடையாது, ரிடையர்மென்ட்டும் கிடையாது. இதே வேலையில் இருக்கிறவர்களே, போர்வையை விலக்கிப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கும் வந்திருக்கும்.

ஸ்வெட்டர்

செப்டம்பர் புழுக்கத்தில் அம்மா முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். கையைச் சுருட்டிவிட்டேன். இரண்டு மணிக்கட்டிலும் நாவற்பழக் கறைபோல வட்டமாகக் கன்றியிருந்தது. அப்பா போனதிலிருந்து அம்மா வளையல் போட்டதில்லை. வார்டு ஆயா சுனிதாவைக் கேட்டேன். தலையணை உறையை மாற்றிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: "வளையல் அழுத்தியிருக்கும், ஆண்ட்டிஜி."

மிட்டாய்ப் பெட்டி

பக்கத்து வார்டில் தகப்பனாரை வைத்திருந்த மல்ஹோத்ரா, ஞாயிறுதோறும் ஆயாக்களுக்கு பர்ஃபி கொண்டுவருவார். புகார் எழுதப்போகிறேன் என்றதும் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். வேறெங்கும் இடம் கிடைக்காது என்பது இருவருக்கும் தெரியும். "எழுதிக் கொடுத்துவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போவீர்கள், பெஹன்ஜி," என்றார். "உங்கள் மாதாஜி இங்கேதானே படுப்பார்கள்?"

நான் எழுதவில்லை. அடுத்த வாரம் நானும் பர்ஃபி வாங்கிப் போனேன்.

விடியற்காலை

தில்லிக்காரர்களுக்குத் தீபாவளி சாயங்கால விளக்கு. அன்று உறவினர் வருவார்களென்று இல்லத்தையே கழுவித் துடைத்து வைப்பார்கள். நமக்கோ அதற்கு முந்தின நாள் விடியற்காலை எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெய், சீயக்காய், புதுப்புடவையோடு இருட்டிலேயே போய் நின்றேன். காவலாளி தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்துவிட்டார்.

வார்டில் வரிசையாகக் கட்டில்கள். அம்மாவின் இரண்டு கைகளும் பழைய துப்பட்டாக் கிழிசலால் கட்டில் கம்பியோடு கட்டப்பட்டிருந்தன. எதிர்க் கட்டில் கிழவிக்கும் அப்படியே. கையில் டீ கிளாஸோடு வந்த சுனிதா என்னைக் கண்டு நின்றுவிட்டாள். "தீபாவளி நாளைக்குத்தானே, ஆண்ட்டிஜி?"

எண்ணெய்

கட்டுகளை போனில் படம் எடுத்தேன். அவிழ்த்துவிட்டு, உச்சியில் எண்ணெய் வைத்து, மெதுவாகக் கையைப் பிடித்தேன். மாதக்கணக்காகப் பேசாத அம்மா, என்னை யாரென்று நினைத்தாளோ, வெடுக்கென்று கையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "கட்டாதேம்மா, சமத்தா இருக்கேன்."

புகாரை அன்றே கொடுத்தேன்.

விசாரணை

சமூகநல அலுவலகத்திலிருந்து வந்தவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கட்டும் விஷயம் தமக்குத் தெரியவே தெரியாது என்றார் இல்லத்தின் கண்காணிப்பாளர். சுனிதா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். "ஒரு அம்மாவைத் தூக்க முடியாமல்தானே இங்கே விட்டீர்கள், ஆண்ட்டிஜி? இந்த வார்டு முழுக்க அம்மாக்கள். நான் ஒருத்தி."

அம்மாவின் மணிக்கட்டுகள் ஆறிவிட்டன, சுனிதாவை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள், அவள் இடத்துக்கு இன்றுவரை யாரையும் போடவில்லை.