கொண்டி இல்லாத முதுசம்

பிரதம விருந்தினராகப் போவது லேசான வேலை இல்லை. மாலை போடுவார்கள், கழுத்து அரித்தாலும் கழற்றக் கூடாது. சோடா தருவார்கள், வேண்டாம் என்று சொல்லக் கூடாது. நம்முடைய பேச்சை மட்டும் எல்லோரும் களைத்துப் போன பிறகுதான் வைப்பார்கள்.

போன கிழமை அப்படி ஒரு மாலை என் கழுத்தில் விழுந்தது. வாவிக்கரையோரம் ஒரு பாடசாலை. பெயர் வேண்டாம்... நான் அந்த வழியால்தான் தினமும் போய் வருகிறேன். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகளுக்குப் பிரியாவிடை. வாசலில் புத்தம்புது அலங்கார வளைவு. அதில் பாடசாலையின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் காசு கொடுத்தவர்களின் பெயர்கள்.

என்னை முன்வரிசைச் சோபாவில் இருத்தினார்கள். இடப்பக்கம் அதிபர். வலப்பக்கம் அதே பாடசாலையில் படிப்பிக்கும் அவருடைய மனைவி. நடுவில் நான். குடும்பப் படத்தில் தவறுதலாக விழுந்த ஆள் மாதிரி.

வரவேற்புரை, வாழ்த்துரை, ஆசியுரை... கொட்டாவியை மாலைக்குள் ஒளித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் 'முதுசம் வாசித்தல்' என்று அறிவித்தார்கள். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதுசம் என்றால் பரம்பரையாக வரும் சொத்து. இந்தப் பிள்ளைகளிடம் என்ன சொத்து? இருந்தது!

முதலில் கவிந்தன் என்ற நெடுவல் பையன் வந்தான். "எங்கட வகுப்புக்குச் சொந்தமான ஒரேயொரு டையை தம்பிமாருக்குத் தாறம். ஒருத்தன் போட்டுக்கொண்டு கேற்றால உள்ள வாறது. பிறகு மதிலுக்கு மேலால எறியிறது. அடுத்தவன் போட்டுக்கொண்டு வாறது. தோய்க்கிறல்ல. தோய்ச்சா ராசி போயிரும்."

மண்டபம் அதிர்ந்தது. அதிபரும் சிரித்தார்.

"அடுத்தது, 'வட்டையில வேளாண்மை வெட்டு சேர், அதான் நேற்று வரல்ல' எண்ட பொய். எனக்கு வட்டையும் இல்ல, வயலும் இல்ல. அப்பாட பக்கம் பார்த்தா வாவியும் வலையுந்தான். எண்டாலும் ரெண்டு போகமும் வெட்டினனான். இத ஆரும் எடுக்கலாம்."

வகுப்பாசிரியர் தலையில் கை வைத்தார். அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்கிறது!

பிறகு அறிவிப்பாளர் சிறுமி குரலை உயர்த்தினாள். "அடுத்ததாக, பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் வரவேற்பாளர் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போகவிருக்கும் எங்கள் திலக்சனா அக்கா!"

கைதட்டல். ஒல்லியான பிள்ளை. கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் வந்து நின்றாள்.

"வீடு வளவெல்லாம் பொம்புளப் புள்ளக்கித்தானே. அதால எங்கட முதுசம் தங்கச்சிமாருக்கு. கதவு பிடிக்கிற பதவி! எங்கட டொய்லட்டுக் கதவுக்குக் கொண்டி இல்ல. ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய நிண்டு பிடிக்கணும். எங்களுக்கு அக்காமார் தந்தவ. அவங்களுக்கு அவங்கட அக்காமார் தந்தவ. நாங்களும் பத்திரமாத் தாறம்."

பெண் பிள்ளைகள் பக்கம் சிரிப்பு வெடித்தது. சிரிப்பென்றால் வெறும் சிரிப்பா? கதவைப் பிடித்துப் பிடித்துக் கை கடுத்தவர்களின் சிரிப்பு! என் இடப்பக்கம் மட்டும் சத்தமில்லை.

அதிபர் எழுந்து போய் மைக்கைப் பிடித்தார். டை, பொய் எல்லாவற்றுக்கும் சிரித்த மனிதர். பாடசாலையின் மானம் எதில் போயிருக்கிறது பார்த்தீர்களா... கொண்டி இல்லாததில் இல்லை, அதைச் சொன்னதில்.

"விருந்தினருக்கு முன்னால என்ன பேச்சு இது? இப்ப சொன்னத இப்பவே திருப்பி எடு! இல்லாட்டி, என்ட கையெழுத்து இல்லாத கரக்டர் சேட்டிபிக்கட்டோட எப்பிடி பாசிக்குடாவுக்குப் போறாய் எண்டு பாப்பம்."

நற்சான்றிதழ் இல்லாமல் எந்த ஹோட்டல் வேலை கொடுக்கும்? ஒரு உண்மையைச் சொன்னதற்கு இந்தப் பிள்ளையின் வேலை போவதா? எனக்குக் கோபம் வந்தது.

திலக்சனா அதிபர் பக்கம் திரும்பினாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க சேர். திருப்பி எடுக்கலாந்தான். ஆனா எங்கட ஊருல பொம்புளப் புள்ளக்கி எழுதிக் குடுத்தத ஆரும் திருப்பி எடுக்கிறல்லயே, சேர்?"

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். மட்டக்களப்பில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுக்கு எழுதியது. நான் இருப்பதும் அப்படியொரு வீட்டில்தான். வீட்டுக்காரி இதுவரை எழும்பிப் போகச் சொல்லவில்லை, அது அவளுடைய பெருந்தன்மை. அதிபர் இருப்பதும் அப்படித்தான் என்பது அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும்.

முதல் சிரிப்பு என் வலப்பக்கத்திலிருந்து வந்தது. அதிபரின் மனைவி! பிறகு யாரைப் பிடிப்பது? ஆசிரியைமார் எல்லோரும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்கள்.

அதிபர் திரும்பி வந்து சோபாவில் விழுந்தார். மனைவி என் மாலைக்கு மேலால் எட்டி மெதுவாகக் கேட்டார்.

"இஞ்சாருங்க, அந்தப் புள்ளட சேட்டிபிக்கட்டுல கையெழுத்து வைப்பீங்கதானே?"

"பாப்பம்."

"பாத்துக்கொள்ளுங்க. பின்னேரம் எந்த வீட்டுக்கு வாறதெண்டும் அப்பிடியே பாத்துக்கொள்ளுங்க."

நடுவிலிருந்த நான் மேடையில் இல்லாத ஒரு பூச்சட்டியை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றே கையெழுத்து விழுந்தது. நடத்தை: மிக நன்று. பாசிக்குடாவுக்குப் போன திலக்சனா வேலையோடு திரும்பியிருக்கிறாள். ஹோட்டலில் அறைக்கு அறை கொண்டி இருக்கிறதாம். விழா முடிவில் என் நம்பரை வாங்கியிருந்தாள், ஃபோனில் அதைத்தான் முதலில் சொன்னாள்.

நேற்று அதிபரும் ஃபோன் எடுத்தார். குரலில் பழைய கம்பீரம். கதவுக்குக் கொண்டி போட்டாகிவிட்டதாம். நன்கொடையாளர் பெயரோடு ஒரு பலகையும் அடித்தாகிவிட்டதாம். நாடா வெட்ட நான்தான் வர வேண்டுமாம்.

திறப்பு விழாக்களுக்கு நிறையப் போயிருக்கிறேன்... பூட்டு விழாவுக்குப் போவது இதுதான் முதல் தடவை!