ஒரு குடம் வெள்ளம்

மட்டாஞ்சேரி கடைத்தெருவில் யூசுபின் வாடகை உடைக் கடையில் ஷமீனா வேலை பார்க்கிறாள். கல்யாண லெஹங்கா, நடன உடை, பள்ளி மாறுவேடப் போட்டிக்குக் கிரீடம், தாடி, வாள். எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். திரும்பி வரும்போது தாடி மட்டும் பெரும்பாலும் குறையும்.

கதை தொடங்கியது ஒரு வாளில்தான். இளவரசி உடை போட்ட ஒரு சிறுமி கண்ணாடி முன் நின்று அழுதாள். கையில் ஒன்றுமில்லை என்பது அவள் குறை. ஷமீனா வீரசிவாஜியின் வாளை எடுத்துக் கொடுத்தாள்.

"ராஜகுமாரிக்கு வாள் எந்தினா?" என்று மலையாளத்தில் காரணம் கேட்டாள் சிறுமியின் அம்மா.

"பின்ன நாட்டை ஆரு நோக்குவா? ராஜா உறங்கிப்போயல்லோ."

இடுப்பில் ஊக்கு குத்தி முடிக்கும்வரை சிறுமி அசையாமல் நிற்க வேண்டும். ராஜா ஏன் உறங்கினார், பகைவன் எந்தப் பக்கமாக வந்தான் என்று ஷமீனா சொல்லிக்கொண்டே ஊக்கு குத்தினாள். உடை சரியாகிவிட்டது. அம்மாவும் மகளும் போகவில்லை. பகைவன் இன்னும் கோட்டைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான்.

கடையில் துணி தேய்க்கும் சங்கரிதான் அதைக் கைபேசியில் பிடிக்கச் சொன்னாள். சங்கரிக்கு சங்கரன்கோவில் பக்கம். தமிழில் கதை கேட்கும் ஒரு செயலி அவளிடம் இருந்தது, தேய்த்துக்கொண்டே கேட்பாள். "இதுல வர்றவுகளை விட நீங்க நல்லா சொல்லுதீக இத்தா," என்றாள்.

கடையின் பின்னறையில் லெஹங்காக்கள் வரிசையாகத் தொங்கும். அவற்றுக்கு நடுவே புகுந்து நின்றால் ஜரிகையும் வெல்வெட்டும் தெருவின் சத்தத்தைக் குடித்துவிடும். கடை அடைக்கும் முன் யூசுப் அரை மணி நேரம் மின்விசிறியை நிறுத்திக் கொடுத்தார். வியர்க்க வியர்க்க ஷமீனா சொன்னாள், சங்கரி அதைச் செயலியில் ஏற்றினாள். நாட்டின் பெயர் உப்பங்கரை. இளவரசி சஃபீரா. வடக்கிலிருந்து படையோடு வந்தவன் தளபதி ரஸ்வான்.

முதலில் சஃபீராவிடம் மந்திரம் ஒன்றும் கிடையாது. வாள் மட்டும்தான். மந்திரம் பிறகு ஒரு தவறில் வந்தது.

ஷமீனா வீட்டில் பேசுவது தமிழ். அத்தா, அம்மா காலத்திலிருந்து ராவுத்தர் வீட்டுத் தமிழ். ஆனால் படித்தது மலையாளப் பள்ளியில். தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் படிப்பாள். கதையில் வேவு பார்க்க வந்த ரஸ்வான் காயம் பட்டு விழுந்து கிடக்கிறான். இளவரசி அவனுக்கு ஒரு குடம் வெள்ளம் எடுத்து வருகிறாள். அப்படித்தான் சொன்னாள், அப்படித்தான் நினைத்தாள்.

மறுநாள் சங்கரி கேட்டவர்களின் பின்னூட்டங்களை வாசித்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இத்தா, வெள்ளம்னா என்ன?"

"குடிக்கிறது."

"எங்க ஊர்ல அது தண்ணி. வெள்ளம்னா ஆத்துல வாரது. ஊரையே அடிச்சிட்டுப் போவும்."

ஷமீனா கையிலிருந்த பாவாடையைக் கீழே வைத்தாள். "ஆளுகள் எந்து சொல்றாங்க?"

"குடத்துக்குள்ள வெள்ளத்தை அடைச்சு வச்சிருக்காளேன்னு ஒரே அதிசயம். மதுரைக்காரர் ஒருத்தர் எப்ப திறப்பான்னு கேக்காரு."

அடுத்த வாரம் சஃபீரா குடத்தின் மூடியைத் திறந்தாள். வடக்கன் படையில் பாதியை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

அதன்பின் கதை கேட்பவர்கள் பெருகினார்கள். பினாங்கிலிருந்து ஒரு மூதாட்டி, ரஸ்வானை மட்டும் சாகடிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாள். ஷமீனாவுக்கும் அவனைச் சாகடிக்கும் எண்ணம் இல்லை.

அவளுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி முடிந்திருந்தது. இருபத்திரண்டு வயதில் கோயமுத்தூருக்குப் போனாள். அங்கே அவள் வாய் திறந்தால் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். முதல் மாதம் அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆறாவது மாதம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். ஒரு வருஷம் முடியும்போது, வீட்டுக்கு வந்தவர்கள் புது மருமகள் ஊமையா என்று கேட்டார்கள். அவள் மட்டாஞ்சேரிக்குத் திரும்பிவிட்டாள். இறங்கியவுடன் ஆட்டோக்காரனிடம் தேவையில்லாமல் சண்டை போட்டாள். தொண்டை சரியாக இருந்தது.

இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு. அண்ணன் ஷாபாஸ் வீட்டு மாடியில் இருக்கிறாள். அண்ணன் மனைவி நிஸாதான் முனீரின் வரன் கொண்டுவந்தாள்.

முனீருக்குப் பாலக்காட்டுப் பக்கம் புதுநகரம். எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். மனைவி இறந்துவிட்டாள், குழந்தை இல்லை. அவனை வளர்த்த அக்கா சகீலாவோடு பெண் பார்க்க வந்தான். அக்கா பேசினாள். அவன் நெய்யப்பம் தின்றான்.

"பொண்ணு புதுநகரத்துக்கு வரணும். கடை வேலையெல்லாம் அங்க வேண்டாம். நம்ம வீட்ல நல்லா இருக்கலாம்," என்றாள் சகீலா.

ஷமீனா கைகழுவும் இடத்தில் துண்டோடு நின்றாள். முனீர் கை கழுவினான்.

"நீங்க கடையில என்ன பண்றீங்க?"

"உடுப்பு வாடகைக்குக் கொடுக்கும். பின்ன கதை சொல்லும்."

"ஆருக்கு?"

"கேக்கறவங்களுக்கு."

அவன் எண் கேட்டான். கதையை அனுப்பத்தானே என்று அவள் கொடுத்தாள். நிஸா சாயா ஊற்றியபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு நாள் கழித்து அழைப்பு வந்தது. முனீர் முகமன் சொல்லக்கூட இல்லை.

"அந்தக் குடத்தோட வாய் எவ்வளவு அகலம்?"

"எந்தா?"

"வெள்ளம் வெளிய வர்ற வாய். ஒரு இஞ்சா, ரெண்டு இஞ்சா?"

"அது மந்திரக் குடமாக்கும்."

"மந்திரமா இருக்கட்டும். ஒரு இஞ்சு வாய்ல வந்தா படையை முக்க ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் அவங்க அங்கேயே நிப்பாங்களா? போயி சாயா குடிச்சிட்டு வந்துருவாங்க."

"நீங்க மோட்டார்க்காரன். அதான் இப்படித் தோணுது."

"உங்க தளபதி ஒரு மண்டன், மூளை இல்லாதவன். அவனாவது கேட்டிருக்க வேண்டாமா?"

அடுத்த பகுதியில் தளபதி ரஸ்வான் கேட்டான். இளவரசி பதில் சொல்லாமல் அவன் காலணிக்குள் கொஞ்சம் ஊற்றிக் காட்டினாள். அவன் கோட்டையின் மூன்றாம் மதில்வரை மிதந்து போனான். பின்னூட்டம் போட்ட மற்றவர்களுக்கும் அன்றுதான் ரஸ்வானைப் பிடித்தது.

முனீர் தினமும் அழைத்தான். காயில் கட்டும்போது கைதான் வேலை செய்யும், காது சும்மா இருக்கும் என்றான். படைக்குச் சோறு எங்கிருந்து வருகிறது, குதிரை உப்புக்காற்றில் நிற்குமா, சஃபீரா எப்போது தூங்குவாள் என்றெல்லாம் கேட்டான். அவள் விட்டுக்கொடுக்கமாட்டாள். ஒருநாள் குதிரையைப் பற்றிய சண்டை முற்றி, அவன், "நீங்க பேசினா கேட்டுக்கிட்டே இருக்கலாம் போல," என்று சொல்லிவிட்டான். ஷமீனா லெஹங்காக்களுக்குள் போய் நின்றுகொண்டாள். அன்று அவள் எதையும் பதிவு செய்யவில்லை.

கதையில் போர் ஓய்ந்தது. ரஸ்வான் இளவரசியைத் தன்னோடு வடக்கே அழைத்தான். அவள் கரையை விட்டுப் போனால் குடம் வெறும் குடம். மறுநாளே வேறு படை வரும். அவள் என்ன சொன்னாள் என்று ஷமீனா சொல்லவில்லை. இரண்டு வாரம் கதை நின்றது.

அந்த இரண்டு வாரத்தில்தான் சகீலா நிஸாவை அழைத்து, நாள் குறிக்கலாமா என்று கேட்டிருந்தாள்.

"மச்சி, புதுநகரத்துக்குப் போக எனக்கு முடியாது," என்று ஷமீனா நிஸாவிடம் சொன்னாள்.

"ஆளைப் பிடிக்கலியா?"

"ஆளைப் பிடிச்சிருக்கு."

"அப்ப ஊர்தானா விஷயம்? ஊர்ல எந்தா இருக்கு? கார்த்திகை வந்தா காயல் வீட்டுக்குள்ள ஏறுது. அவங்க ஊர்ல நெல்லு விளையுது." நிஸா அடுப்பைச் சிறிதாக்கினாள். "ஆளு நல்ல ஆளாக்கும். அவர்கிட்ட சொல்லாம விட்டுறாதே."

சங்கரி கடையில் முறைத்துக்கொண்டே தேய்த்தாள். "எல்லாரும் ஏசுதாக இத்தா. பினாங்கு ஆத்தா உங்களுக்கு மேலுக்கு முடியலையோன்னு கேட்டிருக்கு. ஒரு முடிவு சொல்லிருங்க. போறாளா, இருக்காளா?"

"எனக்குத் தெரியில்ல சங்கரி."

"நீங்கதான சொல்லுதீக? பின்ன யாருக்குத் தெரியும்?"

மத்தியானம் முனீர் அழைத்தான். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினான்.

"ஏன் கதை வரல?"

"அவ போகணுமா வேண்டாமான்னு நிச்சயம் இல்ல."

"போனா நாட்டை ஆரு பார்ப்பா?"

"ஆரும் இல்ல."

"அப்ப அந்த மண்டன் எதுக்குக் கூப்பிடறான்?"

"அவனுக்கு அங்க வீடு இருக்கு. கடை இருக்கு." அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "படை இருக்கு."

"படையை எங்க வேணா வச்சுக்கலாம்."

"அவனுக்கு ஒரு அக்கா இருக்கு."

கதையில் ரஸ்வானுக்கு அக்கா யாரும் கிடையாது. எல்லாப் பகுதியையும் கேட்டவன் முனீர்.

"அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றான்.

கார்த்திகையில் காயல்நீர் ஏறியபோது அவன் மட்டாஞ்சேரிக்கு வந்தான். சந்தில் உப்புநீர் கணுக்காலுக்கு நின்றது. காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு, கால்சட்டையை முட்டிவரை மடித்துவிட்டு நடந்து வந்தான். நிஸா வீட்டு மோட்டார் அன்று காலைதான் நின்றிருந்தது. சாயா குடிப்பதற்கு முன்பே அதைக் கழற்றினான். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துத் தன் மோட்டாரையும் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் சொல்லவில்லை, மோட்டாரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"எத்தனை மாசத்துக்கு ஒருக்கா எரியுது?" என்று முனீர் கேட்டான்.

"உப்பு ஏறினா எரியும்," என்றார் ஷாபாஸ். "இடப்பள்ளிக்குத் தூக்கிட்டுப் போகணும். பாலத்துல பிளாக். ஒரு நாள் போயிரும்."

"இந்தத் தெருவுல காயில் கட்டற ஆளே இல்லையா?"

"இல்ல."

முனீர் ஈரத்தில் குந்தி உட்கார்ந்தபடி, மாடிப்படியில் நின்ற ஷமீனாவைப் பார்த்தான். அவ்வளவு பெரிய புன்னகையை அவள் அவனிடம் அதுவரை பார்த்ததில்லை. கையெல்லாம் கிரீஸ்.

"நான் கடையோட இங்க வந்தா உங்களுக்கு விரோதம் உண்டா?"

"எதுக்கு விரோதம்?" என்றாள் ஷமீனா. "குதிரை உப்புக்காத்துல நிக்காதுன்னு சொன்னது நீங்களாக்கும்."

"குதிரையைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? சும்மா சொன்னேன்."

ஷாபாஸுக்கு எந்தக் குதிரை என்று புரியவில்லை. நிஸா அவரை உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள்.

சகீலா எளிதில் விடவில்லை. தம்பியிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஷமீனாவையே அழைத்தாள்.

"ஆம்பள பொண்டாட்டி ஊருக்குப் போயி இருக்கறது எங்க குடும்பத்துல இல்ல."

"சரிதான் இத்தா."

"ஊர்ல ஆளுக என்ன சொல்லும்?"

"சொல்லும். அங்க வந்து பேசாம இருக்க எனக்கு முடியாது இத்தா. ஒருக்கா இருந்து பாத்ததாக்கும்."

சகீலா குரலை மாற்றாமலே கேட்டாள். "அந்தத் தளபதிக்கு உம்மா வாப்பா, கூடப்பிறந்தது ஒண்ணும் இல்லையா?"

ஷமீனா கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "இத்தா கதை கேக்கறீங்களா?"

"அவன் கடையில சத்தமா வச்சா கேக்காம என்ன செய்ய? எல்லாம் கேட்டேன். தளபதின்னா வானத்துலேருந்து குதிச்சானா? அவனைச் சோறு போட்டு வளத்தது ஆரு? அதை ஒரு எடத்துல சொன்னியா நீ?"

"சொல்லல."

"சொல்லு. பெறகு நாள் குறிக்கலாம்."

அன்று மாலை மின்விசிறி நின்றதும் ஷமீனா பின்னறைக்குப் போனாள். இளவரசி சஃபீரா கரையை விட்டு வரமாட்டேன் என்றாள். ரஸ்வான் தன் கூடாரத்தைப் பிரித்துக் கோட்டைக்குள் கொண்டுவந்து அடித்தான். ஒரு வாரம் கழித்து வடக்கு வாசலில் புழுதி தெரிந்தது. தளபதியை வளர்த்த அக்கா, நூறு குதிரைவீரர்களுக்கு முன்னால் தானும் ஒரு வெள்ளைக் குதிரையில், தம்பி எந்த மாதிரி இடத்தில் இருக்கிறான் என்று பார்க்க வந்துகொண்டிருந்தாள்.

பின்னூட்டங்களை வாசிக்க சங்கரிக்கு மூச்சு முட்டியது. எல்லோருக்கும் அக்காவைப் பிடித்திருந்தது. பினாங்கு மூதாட்டி, இவள் வந்தபின் இளவரசி நிம்மதியாகத் தூங்கலாம் என்று எழுதியிருந்தாள்.

சகீலா மறுநாள் காலையிலேயே அழைத்தாள்.

"குதிரை வேண்டாம்," என்றாள். "எனக்கு முட்டு வலி. பல்லக்கு வை."